அக்காவைப் பார்க்க வந்தவன்

போன மாதம் கவிதா போன் செய்தாள். சுங்குவார்சத்திரம் பெண்கள் விடுதியில் எனக்குப் பிறகு வார்டனாக உட்கார்ந்திருப்பவள். பிள்ளைகள் எல்லோரும் செல்போனில் காதல் நாவல் படிக்கிறார்களாம். அதில் வரும் ஆண்கள் யாரும் சரியில்லையாம். பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறவனெல்லாம் கதாநாயகனாம். உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். எங்கள் காலத்திலும் அவன் கடத்திக்கொண்டுதான் போனான், ஆனால் காகிதத்தில் போனான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வேலையில் புதிதாக இருக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. ஆகவே எழுதி அனுப்புவதாகச் சொன்னேன்.

நான் 2007-இல் அந்த விடுதியில் சேர்ந்தேன், 2015-இல் வெளியே வந்தேன். அதற்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனைப் பெண்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. சேலைக் கடைப் பெண்களையே கட்டி மேய்த்தவளுக்கு விடுதி எம்மாத்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று கூப்பிட்டுத் தீயணைப்புக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்கள். நான் இருந்தவரை அங்கே தீப்பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் வேறு.

விடுதியில் இருந்த பிள்ளைகள் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். தென்காசி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று தூரத்து ஊர்க்காரர்கள். நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டே மாத நாவல் படிப்பார்கள். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் அவை கிளிப் மாட்டித் தொங்கும். ஓர் அறைக்கு ஒரு நாவல்தான் வாங்குவார்கள். வாங்கியதும் பின்னைப் பிடுங்கிப் புத்தகத்தை மூன்று துண்டாகப் பிரித்துவிடுவார்கள். காலை ஷிப்டுக்கு ஒரு துண்டு, மதிய ஷிப்டுக்கு ஒன்று, நைட் ஷிப்டுக்கு ஒன்று. யாருக்கு எந்தத் துண்டு கிடைக்கிறது என்பது அந்த வார ஷிப்டைப் பொறுத்தது.

இதனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். கடைசித் துண்டை முதலில் படித்தவளுக்குக் கதாநாயகன் நல்லவன். அழுகிறான், மன்னிப்புக் கேட்கிறான், நெற்றியில் குங்குமம் வைக்கிறான். அப்புறம் முதல் துண்டு கைக்கு வந்து, அவன் பளார் என்று அறைவதைப் படித்தாலும், ‘பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ’ என்பாள். முதல் துண்டை மட்டும் படித்தவளோ அவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பாள். ஆள் ஒருவன்தான். இவர்களுக்குள் சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டையே நடக்கும்.

அந்தச் சமயம் ஒரு பெண் ஷேர் ஆட்டோ டிரைவரோடு போய்விட்டாள். அவளுடைய அப்பா வந்து கம்பெனி வாசலில் மண்ணை வாரித் தூற்றினார். கம்பெனியில் கூட்டம் போட்டார்கள். காரணம் நாவல்தான் என்று முடிவாயிற்று. அந்தப் பெண் நாவலைக் கையாலும் தொட்டதில்லை என்று நான் சொன்னேன். அது அவர்களுக்கு வேண்டாத தகவல். இனி விடுதிக்குள் வரும் எந்தக் கதைப் புத்தகமும் பரிசோதிக்கப்பட்ட பிறகே பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரிசோதிக்கும் வேலை வெல்ஃபேர் ஆபீசர் ராஜலட்சுமி மேடத்தின் தலையில் விழுந்தது.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்டுவதையும் டீ கேட்பதையும் ஒரே தொனியில் செய்வார். அதற்கு முன் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவர். எனவே நாவலையும் வேலைக்கு வந்த விண்ணப்பம் போலத்தான் படித்தார். செவ்வாய்க்கிழமைதோறும் என் அறைக்கு வருவார். கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். பென்சிலைச் சீவிக்கொள்வார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, விளம்பரத்தைக்கூட விடாமல் படிப்பார். நடுவில் தலையைத் தூக்கி, ‘இவனை நீங்க வேலைக்கு எடுப்பீங்களா?’ என்று என்னைக் கேட்பார். நான் என்னத்தைச் சொல்வது? கதாநாயகன் எப்போதும் ஏதாவது ஒரு கம்பெனிக்கு முதலாளியாகத்தான் இருப்பான்.

படித்து முடித்ததும் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதுவார். ஒன்று எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: ‘நாயகன் எம்.டி. கதை முழுக்க ஒருநாளும் ஆபீஸ் போகவில்லை. நாயகி கையை இரண்டு இடத்தில் முறுக்குகிறான். காரணம்: சந்தேகம். சந்தேகம் தீர்ந்ததும் கையை விடுகிறான். மன்னிப்பு இல்லை. கல்யாணம் உண்டு.’ இன்னொன்றில், ‘ஒப்பந்தக் கல்யாணம். ஒப்பந்தத்தை நாயகி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறாள். பி.காம். படித்தவள்.’ எந்தப் புத்தகத்தையும் அவர் தடை செய்யவில்லை. தடை செய்தால் தலையணைக்குள் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நடந்தது என்னவென்றால், பிள்ளைகள் குறிப்பை முதலில் படித்துவிட்டு, எதில் மேடம் அதிகமாகத் திட்டியிருக்கிறாரோ அதற்கு அடித்துக்கொண்டார்கள். மேலிடத்துக்கு இதை நாங்கள் தெரிவிக்கவில்லை.

நானும் படித்தேன். வேறு வழியில்லை. நாலைந்து வருஷத்தில் ஓர் உலகத்தையே தெரிந்துகொண்டேன். அங்கே யாருக்கும் சாதி கிடையாது, கார் உண்டு. எல்லோருக்கும் கோபம் வரும், யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது. நாயகி அநாதையாக இருந்தால் நல்லது, செலவு குறைவு. நாயகியைவிட நாயகன் ஆறு வயதாவது மூத்தவன், அரை அடியாவது உயரம். முதலாளியும் வேலைக்காரியும் காதலிக்கலாம், எதிரிகள் காதலிக்கலாம், தாலி கட்டிய பிறகு அறிமுகமாகி அப்புறம் காதலிக்கலாம். முறையில்லாத முறையெல்லாம் அங்கே முறைதான். ஆனால் அக்கா ஒருத்தி இருப்பாள் பாருங்கள், அவளுக்கு மட்டும் எதுவும் நடக்காது. சம்பாதிப்பாள், தங்கைகளைக் கரையேற்றுவாள், கடைசி அத்தியாயத்தில் ஜன்னல் ஓரம் நின்று புன்னகைப்பாள். மேடம் ஒரு புத்தகத்தில் இதைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார்: ‘அக்கா நல்ல வேலைக்காரி. பதவி உயர்வு இல்லை.’

பேச்சியம்மாள் அப்படிப்பட்ட அக்கா. சங்கரன்கோவில் பக்கம். அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். கீழே இரண்டு தங்கைகள். ஒருத்தியை இவள் சம்பளத்தில்தான் கட்டிக் கொடுத்தார்கள். கம்பெனியில் லைன் லீடராக இருந்தாள். வயது இருபத்தாறு ஆகியிருந்தது. விடுதியில் அது மூத்த தலைமுறை. எல்லோரும் அவளைப் பேச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் நாவல் படிப்பாள், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டே படிப்பாள். ‘வார்டம்மா, இவனுக்கு ஒரு சோலியும் இல்லையா?’ என்று என்னிடம் வந்து கேட்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். வேலைக்காரிக்கு வேலைக்காரியைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம். வாசலில் வாட்ச்மேன் ஏழுமலை. பேச்சியம்மாளைப் பார்க்க ஒரு பையன் வர ஆரம்பித்தான். ஒல்லியாக, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு இருப்பான். முதல் நாள் ஏழுமலை, யாரைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். ‘அக்காவப் பாக்கணும்ணா’ என்று அவன் சொல்லியிருக்கிறான். ஏழுமலை கேட்டைத் திறந்துவிட்டார். அப்புறம் வாரம் தவறாமல் திறந்துவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலியில், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அவன் அவித்த கடலை வாங்கி வருவான். பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். அவன் ‘சரிக்கா, சரிக்கா’ என்று தலையாட்டுவான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று நானே வியந்திருக்கிறேன். சில பிள்ளைகள், ‘பேச்சியக்கா, தம்பிக்குப் பொண்ணு பாக்கீங்களா?’ என்று கேலி செய்வார்கள். அவள் கடலையை உரித்துக்கொண்டே இருப்பாள். அக்கா பேசுவது சங்கரன்கோவில் தமிழ், தம்பி பேசுவது இந்தப் பக்கத்து வல்லம் தமிழ். இது எங்கள் யார் காதிலும் விழவில்லை. ஏழுமலைக்கு மட்டும் ஒருநாள் விழுந்திருக்கிறது. சின்ன வயசிலயே மெட்ராஸ் பக்கம் வந்துட்டான் போல என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

குட்டு உடைந்ததும் அவரால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளின் அம்மா விடுதி ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் சமையலறையில் இருந்தேன். ஏழுமலை எடுத்து, நலம் விசாரித்துவிட்டு, ‘இப்பத்தாம்மா உம்புள்ள வந்துட்டுப் போச்சு. தங்கமான புள்ள’ என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை விளக்கமாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மாளுக்கு மூன்று பெண்கள். ஆண்பிள்ளை கிடையாது.

அன்று சாயங்காலமே பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. பேர் கதிர். வல்லம் வடகால்காரன். அவர்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கம்பெனிக்கு வந்தவன். இவளுடைய லைனில் டிரெய்னியாகச் சேர்ந்தான். இவளைவிட நாலு வயது இளையவன். லைனில் மூத்தவர்களை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் கூப்பிட்டான். கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறார்கள். ஆனால் கூப்பிடுவது மாறவில்லை.

விஷயம் மாடிக்கு மாடி பரவியது. நான் எதிர்பார்த்தது வேறு. இத்தனை காதல் கதை படித்த பிள்ளைகள் இவள் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் நிற்கவில்லை. கடத்தினவனை மன்னித்தவர்கள், அறைந்தவனை மன்னித்தவர்கள், நாயகியை வீட்டில் பூட்டி வைத்தவனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், அக்கா என்று கூப்பிட்டவனை மன்னிக்கவில்லை. ‘ச்சீ, கூடப்பிறந்தவன் மாதிரில்ல இருந்தான்’ என்றார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கதாநாயகன் கெட்டவனாக இருக்கலாம், வயதில் சின்னவனாக இருக்கக் கூடாது என்பதை அன்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு எரிச்சலாக வந்தது. யாரிடம் காட்டுவது?

அடுத்த நாளுக்கு அடுத்த நாள் காலை பேச்சியம்மாளின் அம்மா வந்து இறங்கினார், தாய்மாமனோடு. பெட்டியை இறக்கச் சொல்லுங்கள் என்பதுதான் முதல் பேச்சு. விடுதி விதிப்படி, பெற்றவர் கேட்டால் பெண்ணை அனுப்பிவிட வேண்டும். அவளுக்கு இருபத்தாறு வயது என்பதெல்லாம் விதியில் இல்லை. பெட்டி இறங்கினால் வேலை போகும், அவனும் போவான், ஊரில் அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டி வைப்பார்கள்.  மேடத்துக்குப் போன் செய்தேன். வந்தார். எல்லோருக்கும் டீ சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தாய்மாமன் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டார். பையனுக்கு எந்தத் தெரு, குலசாமி எது என்று பேச்சியம்மாளிடம் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வந்த பதிலில் அவருக்குக் குறை இல்லை. அதில் குறை வந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும், யாருடைய சாமர்த்தியமும் செல்லுபடி ஆகியிருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு மேடம் பேச்சியம்மாளைக் கேட்டார். கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. வேலைக்கு ஒழுங்காக வருகிறானா? வருகிறான். கையை ஓங்கியிருக்கிறானா? இல்லை. மிரட்டியிருக்கிறானா, விஷம் குடிப்பேன் என்றெல்லாம்? இல்லை. தப்பு செய்தால் என்ன சொல்வான்? ‘தப்புதாங்கான், மேடம். திருத்திக்கிடுதான்’ என்றாள். மேடம் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் கையில் பென்சில் இருந்திருந்தால் ஏதோ எழுதியிருப்பார்.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. வயதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் என்றார், அந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியாது என்றார். ‘வருசம் பூராம் அக்கா அக்கான்னு கூப்ட்டவன மருமவன்னு எப்படிம்மா சொல்ல? ஊருல காறித் துப்ப மாட்டாங்களா?’

பேச்சியம்மாள் அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், அப்போது தானாகப் பேசினாள். ‘எம்மா, நம்ம வீட்டுல அக்கான்னா பணம் அனுப்புதவ. அவன் அக்காங்கையில, நாஞ்சொன்னா ஒரு ஆளு கேக்கான்னு இருக்கும். அதுக்குத்தாம்மா எனக்கு அவனப் பிடிச்சுது.’

 தாய்மாமன் டீயைக் குடித்தார்.

செய்தி தெரிந்து கதிர் வெளியே கேட்டில்தான் நின்றுகொண்டிருந்தான். ஏழுமலை அவனோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், அவருக்கு அது சொந்த அவமானம். மேடம் அவனைக் கூப்பிடச் சொன்னார். வந்தான். கும்பிட்டான். ‘வணக்கம்மா’ என்றான். ‘பாத்தீயளா, என்னையும் அம்மாங்கான்’ என்றார் அம்மா, மேடத்திடம். அவன் கையைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

அம்மா அவனை மேலிருந்து கீழே பார்த்தார். இனிமேல் அவளை அப்படிக் கூப்பிட மாட்டாயே என்று கேட்டார். மாட்டேன் என்றான். அப்படியென்றால் இப்போது, என் முன்னால், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு, பார்க்கலாம் என்றார்.

நான் கடவுளை வேண்டிக்கொண்டேன். எனக்கு அவ்வளவாகப் பக்தி கிடையாது. கதிர் பேச்சியம்மாளைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். உதட்டைக் குவித்தான். ‘பே’ என்பதுவரை வந்தது. அப்புறம் அவன் முகத்தில் வேர்த்தது.

‘வர்லக்கா’ என்றான்.

தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். பெட்டியை யார் தூக்குவது, மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்று என் மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வார்டன் புத்தி.  அம்மா அவனை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

‘ஏட்டி, இவன் சாவுத மட்டுக்கும் இப்படியேதான் கூப்புடுவான். என்ன செய்வ?’

‘திரும்பிப் பாப்பேன்’ என்றாள் பேச்சியம்மாள்.

 அம்மா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பெட்டியை இறக்கச் சொல்லவா என்று தாய்மாமன் கேட்டதற்கு, சும்மா உட்காருடா என்றார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கதிரைப் பார்த்தார்.

‘ஏல, ஊருக்கு வரையில மட்டும் வாயத் தொறக்காத.’

தென்பக்கத்தில் ‘ஏல’ என்பது கோபத்திலும் வரும், பிரியத்திலும் வரும். இது எது என்று அறிய அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சரிங்க அத்தே’ என்றான் கதிர்.

முறை வைத்துக் கூப்பிடுவதில் அவன் அன்றைக்குச் சரியாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.